புறவாசலைத் திறந்தால் தென்காசி

ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கபுஷ்பம் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதற்காக அடுப்படியின் புறவாசல் கதவைத் திறந்து, வழக்கம்போல வெளியே பார்க்காமலே சட்டியைச் சாய்த்தாள். அந்தத் தண்ணீர் கோவில்பட்டி லூர்து டீச்சர் காம்பவுண்டின் முருங்கை மரத்தடியில் விழாமல், தென்காசியில் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி சொர்ணத்தின் பாதத்தில் போய் விழுந்தது. சொர்ணம் அப்போது தன் வீட்டு அடுப்படியில் குத்தவைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நனைந்த காலைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், சட்டியைப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள்.

"வா தங்கம். வாரவ ஒரு வார்த்த சொல்லிட்டு வரப்படாதா, ரெண்டு தோச சேத்துச் சுட்டிருப்பேம்லா" என்றாள்.

"கருவேப்பிலை இருந்தா ஒரு கொத்து குடுங்க மதினி" என்றாள் தங்கபுஷ்பம். சொர்ணம் மதினி வீட்டுக் கருவேப்பிலைக்கு இருக்கிற வாசம் இந்த ஊர்க் கருவேப்பிலைக்கு வருமா என்று நினைத்துக்கொண்டேதான் அவள் கதவைத் திறந்திருந்தாள். சொர்ணம் எழுந்து போய் ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கதவைச் சாத்தி, தாளித்து முடித்த பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கே தென்காசி எவ்வளவு தூரம் என்பது ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் அடுப்படி வாசலில் கைபேசியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கபுஷ்பத்தின் ஒரே மகள் செண்பகவல்லி. அவளுக்கு அந்த வாரம் இருந்த கவலையில், அம்மா சட்டியைச் சாய்த்தது தென்காசியில் விழுந்தாலும் ஒன்றுதான், டெல்லியில் விழுந்தாலும் ஒன்றுதான். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் முடிந்திருந்தது. கோடை லீவில் எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இடத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சொல்லாதவர்களைக் காலேஜே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாதம் முழுக்க உட்கார வைத்துவிடும் என்றும் உத்தரவு. மற்ற பிள்ளைகள் அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். செண்பகத்தால் முடியவில்லை. அவளுக்கு வேண்டியது காத்தாடி.

காத்தாடி என்றால் பிள்ளைகள் விடுகிற காத்தாடி இல்லை. கயத்தாறு தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் வானத்துக்கு நிற்கிறதே, மூன்று கையை வீசிக்கொண்டு, அந்தக் காற்றாலை. தினமும் காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு உட்கார்ந்து, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்து, எது இன்றைக்கு மெதுவாகச் சுற்றுகிறது, எது முறைத்துக்கொண்டு நிற்கிறது என்று மூன்று வருஷமாகப் பார்த்து வந்தவள் அவள். அதன் வயிற்றுக்குள் ஏணி இருக்கிறது, ஏறிப் போனால் உச்சியில் ஒரு அறை இருக்கிறது, அந்த அறைக்குக் கூரையில் ஒரு மூடி இருக்கிறது, அதைத் திறந்து தலையை நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வருவாள். அத்தனை கம்பெனிகளுக்கும் மெயில் போட்டாள். ஒன்றே ஒன்றிலிருந்து உடனே பதில் வந்தது. ஆசையோடு திறந்து பார்த்தால், உங்கள் மெயில் கிடைத்தது என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது.

"யாராவது தெரிஞ்சவங்க கிட்ட சொல்லி வைப்போமா" என்று தங்கபுஷ்பம் எப்போது வாயெடுத்தாலும், அப்பா ஆவுடையப்பன் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் காலையிலிருந்து ராத்திரி வரை யார் முன்னாலாவது நின்றுகொண்டே இருக்கிற மனுஷன் அவர். "நான் நிக்கது போதும். எம் பிள்ள யார்ட்டயும் போய் நிக்கப்படாது" என்பார். செண்பகமும் அந்த விஷயத்தில் அப்பா கட்சி.

கதவு விஷயம் மத்தியானத்துக்குள் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆறு வீட்டுக்காரர்களும் வந்து ஆளுக்கொரு தடவை திறந்து பார்த்தார்கள். யாரை நினைத்துக்கொண்டு திறக்கிறோமோ அவர்கள் வீட்டு அடுப்படி தெரிந்தது. ஆனால் நமக்கு அவர்களைத் தெரிந்தால் மட்டும் போதாது, அவர்களுக்கும் நம்மைத் தெரிந்திருக்க வேண்டும், தெரிவது என்றால் பேரளவில் இல்லை, இன்னார் வந்திருக்கிறார் என்றால் அடுப்படி வரைக்கும் வரச் சொல்லுகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. அப்படித் தெரியாதவர்களை நினைத்துக்கொண்டு திறந்தால் வெளியே பழைய முருங்கை மரம்தான் நின்றது. தவிர, கதவு எந்த வீட்டில் போய்த் திறந்ததோ அந்த வீட்டுப் புறவாசலுக்கும் மெட்ராஸ் ஐ மாதிரி இந்தக் குணம் ஒட்டிக்கொண்டது.

முருங்கை மரத்தில் முதலில் போய் முட்டியவர் மூன்றாம் வீட்டு சௌந்தரபாண்டியன். எந்த மந்திரியைச் சொன்னாலும் "நம்ம ஆளுதான்" என்பார், எந்தக் கம்பெனியைச் சொன்னாலும் "அதுல எம்டி நம்ம தோஸ்து" என்பார், இதுவரைக்கும் யாருக்கும் அதைச் சரிபார்க்க வழி இல்லாமல் இருந்தது. எல்லாரும் சுற்றி நிற்க, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் ஒரு மந்திரியை நினைத்துத் திறந்தார், முருங்கை மரம். ஒரு கலெக்டரை நினைத்துத் திறந்தார், முருங்கை மரம். வார்டு கவுன்சிலரை நினைத்துத் திறந்தபோதும் அதே மரம்தான், ஒரு அணில் மட்டும் கூடுதலாக இருந்தது. "கதவுல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து காம்பவுண்டில் யாருக்குச் சாம்பாருக்கு முருங்கைக்காய் வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "மாமா, கொஞ்சம் வந்து மந்திரிய நெனச்சுக் கதவத் தொறங்களேன்" என்பார்கள். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து திறந்து கொடுப்பார்.

வீட்டுக்காரம்மா லூர்து டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆனாலும் ரிட்டையர் ஆகாதவள், மறுநாளே சட்டதிட்டம் போட்டுவிட்டாள். திறப்பதற்கு முன்னால் மூன்று தட்டுத் தட்டி "யாரு இருக்கா" என்று குரல் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பெண் நினைப்பில்லாமல் திறந்து, சம்பந்தி வீட்டு மாமனார் துண்டோடு நின்றதைப் பார்த்து இரண்டு குடும்பத்துக்கும் சங்கடமாகிவிட்டது. செருப்போடு போகக் கூடாது. போன வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் திரும்பக் கூடாது. ராகு காலத்தில் திறக்கக் கூடாது என்பதை மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்திலும் கூடாது என்று டீச்சர் சேர்த்துக்கொண்டாள். இரண்டே நாளில் அந்தக் கதவு கோவில்பட்டிக்குப் பழகிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் தங்கபுஷ்பத்தோடு வேலை பார்க்கிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து அம்மா வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை தேடுகிறவர்கள் வந்தார்கள், பசுமாடு தேடுகிறவர்கள் வந்தார்கள். மின்சார ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, கதவு கரண்டு எதுவும் இழுக்கவில்லை என்று பார்த்துவிட்டு, தன் தங்கச்சி வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போனில் கேட்டால் "பாப்போம்" என்று சொல்லிவிடுகிற அதே வாய்க்கு, அடுப்படியில் வந்து நிற்கிறவளிடம் அப்படிச் சொல்ல வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கதவு தங்கபுஷ்பத்துக்கு மட்டும் எந்நேரமும் திறந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஆஸ்பத்திரி என்று எந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் அவள். அவளுக்குத் திறக்காத வீடே கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் புதன்கிழமை காலையில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் கதவின் முன்னால் வெகுநேரம் நின்றதையும், வாய்க்குள் ஒரு பேரைச் சொல்லித் திறந்ததையும், எதிரே முருங்கை மரத்தைக் கண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்ததையும் செண்பகம் பார்த்துவிட்டாள்.

"யாரம்மா?"

"வேலம்மாள்னு ஒருத்தி. எங்கூட ஒண்ணாப்புலேர்ந்து படிச்சவ. கயத்தாறு பக்கம் ஊத்துப்பட்டில இருக்கா" என்றாள் தங்கபுஷ்பம். "அவ வீட்டுக்காரரு செத்ததுக்கு நான் போகல. ஒனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துட்டிருந்துச்சு. துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்து ஒன் ஹால் டிக்கெட்டத் தொடுததுக்கு மனசு வரல. பதினாறுக்குப் போகலாம்னு இருந்தேன், அன்னைக்கு ஒனக்குக் கெமிஸ்ட்ரி. பெறகு போயிருக்கலாம். என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

வாங்கின மார்க்கில் ஒரு பங்கு வேலம்மாளுடைய துக்கத்திலிருந்து எடுத்தது என்பது செண்பகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அம்மாவின் கையிலிருந்து சட்டியை வாங்கி, தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள்.

வியாழக்கிழமை அதே கம்பெனியிலிருந்து மறுபடி மெயில் வந்தது. இந்த முறை மனுஷர் எழுதியது: இடம் இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் செண்பகம் குளித்துத் தலைவாரி, அப்பா கடைக்குக் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்து, அடுப்படிக்கு வந்து, "அம்மா, எனக்குக் காத்தாடிதான் வேணும். எந்த வீட்டு வழியா வேணும்னாலும் போறேன்" என்றாள். தங்கபுஷ்பம் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி மூன்று தட்டுத் தட்டினாள்.

தென்காசியில் சொர்ணம் அத்தை அவளைத் தோசைக்கு முன்னால் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினாள். காத்தாடிக் கம்பெனியில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஆனால் புளியங்குடியில் மைதீன்பீவி என்று ஒருத்தி, பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில், இரண்டு பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றிப் பால் கொடுத்திருக்கிறார்கள், நைட்டி தைத்து ஊர் ஊராகப் போய் விற்கிறவள், அவள் கால் படாத ஊர் இல்லை. "அவட்ட கேளு. நாலு தோசைதான தின்ன, இன்னொண்ணு வச்சுக்க" என்று சொல்லி சொர்ணம் தன் புறவாசலைத் தட்டினாள். திறந்தால் தையல் மெஷின் சத்தம். "வா மவளே, வெயில்ல வந்திருக்கே" என்றாள் மைதீன்பீவி. ஒரு அடி தூரம் வெயிலே இல்லாமல் வந்தவளுக்கு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நன்னாரி ஊற்றி, பெரிய டம்ளரில் சர்பத் கலக்கிக் கொடுத்தாள். அந்த ஊரில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமா. ஒரு டம்ளரோடு விடவும் இல்லை.

செண்பகத்துக்கு வயிறு நிறைய நிறையச் சந்தோஷமும் ஏறிக்கொண்டே வந்தது. யாரிடமாவது போய் நிற்பது என்றால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இங்கே யாரும் அவளை நிற்கவே விடவில்லை. மைதீன்பீவி வாயில் ஊசியை வைத்துக்கொண்டே யோசித்தாள். காத்தாடிக் கம்பெனி ஆளுங்க தங்குகிற ஒரு வீடு தெரியும். பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்குப் போனபோது பழக்கமானவள், ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். அவள் வீட்டு மாடியில்தான் ஒரு இன்ஜினியர் வாடகைக்கு இருக்கிறார். எந்தப் பிள்ளையைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்க வேண்டாம் என்பதெல்லாம் அவர் கையில்தான். "சீக்கிரம் போ, அவரு காலைல பைக்க எடுத்துட்டாருன்னா பிடிக்க முடியாது" என்று சொல்லி, மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறந்து, முதுகில் கை வைத்து அனுப்பியே விட்டாள். பேரைச் சொல்ல மறந்துபோனாள். செண்பகமும் கேட்க மறந்துபோனாள்.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சுத்தமான சின்ன அடுப்படி. ஜன்னலுக்கு வெளியே, கை எட்டுகிற தூரத்தில் என்று சொல்லத் தோன்றுகிற மாதிரி, அத்தனை காத்தாடிகளும். அதில் ஒன்று மட்டும் சுற்றாமல் நின்றது. பஸ்ஸிலிருந்து பார்த்து அவள் "கோவக்காரி" என்று பேர் வைத்திருந்த அதே காத்தாடி. செண்பகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைக்கு மேலே மாடியில் யாரோ ஷூ போட்டு நடக்கிற சத்தம் கேட்டது. அவர்தான். பத்துப் பதினைந்து படி ஏறினால் அவர்.

"யாரு மக நீ?"

உள்ளறை வாசலில் ஒரு அம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம், பிளாஸ்டிக் மாலை, சிவப்பு சீரியல் பல்பு. படத்தில் இருந்த மனுஷர் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டு. அந்தத் துண்டே படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

"கோவில்பட்டி தங்கபுஷ்பம் மக" என்றாள் செண்பகம். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது வேலம்மாளின் வீடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஷூ சத்தம் மாடிப்படியை நோக்கி நகர்ந்தது.

அந்தப் பக்கத்தில் துட்டி கேட்பதற்கு, அதாவது சாவுக்குத் துக்கம் விசாரிப்பதற்கு, என்று ஒரு முறை இருக்கிறது. துட்டி கேட்க வந்தவர்கள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தன் காரியம் எதையும் வாயில் எடுக்க மாட்டார்கள். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார்கள், எழுந்து நடந்துவிடுவார்கள். செண்பகத்துக்கு இதெல்லாம் தெரியும். வந்த காரியத்தைக் கேட்க வேண்டும் என்றால் இப்போதே கேட்க வேண்டும், துட்டிக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டால் பிறகு வாயைத் திறக்க முடியாது என்பதும் தெரியும். மாடிப்படியில் ஷூ இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. ஆசைப்பட்டதற்காக அழுகை, இவ்வளவு கிட்டே வந்ததற்காகவும் அழுகை.

"துட்டி கேக்க வந்தேன் சித்தி" என்றாள். "அம்மா வரலன்னு இல்ல. என் பரீட்சைக்காகத்தான் வரல."

வெளியே ஒரு ஆண் குரல், "அக்கா, ராத்திரி நான் மெட்ராஸ் கிளம்பறேனுங்க, திங்கக்கிழமைதான் வருவேன்" என்று சொன்னது. பைக் உதைத்துக் கிளம்பி, தெருவைத் தாண்டி, காட்டுக்குள் போய் மறைந்தது. அந்தச் சத்தம் முழுக்க அடங்குகிற வரைக்கும் செண்பகம் தலையை நிமிர்த்தவில்லை.

"இரி" என்று வேலம்மாள் பாயை விரித்தாள். தானும் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். அவர் பேர் சண்முகையா, காத்தாடியில் ஏறி ரிப்பேர் பார்க்கிற வேலை. ஏறத் தெரிந்த அளவுக்கு இறங்கத் தெரியாது, மேலேயே உட்கார்ந்துவிடுவார். உச்சி வேளை ஆனதும் மேல் மூடியைத் திறந்து இந்தச் சிவப்புத் துண்டை ஆட்டுவார். கையில் போன் இருந்தது, ஆனாலும் துண்டுதான். அதைக் கண்டால் இறங்கப் போகிறார் என்று அர்த்தம். உடனே இலையைப் போட்டு ரசத்தைச் சூடு பண்ண வேண்டும். "ஒரு நாளு துண்டு காத்துல பறந்து பனைமரத்துல மாட்டிக்கிடுச்சி. பனைமரம் ஆட்டுச்சு. நானும் எலையப் போட்டுட்டு பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றாள். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. துட்டி வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அவள் பயந்து பார்த்தபோது வேலம்மாளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய. "காத்து மாரியே மனுசன். படுத்தவரு காலைல எந்திரிக்கல" என்றாள்.

அதற்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. செண்பகம் எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் நடந்து, அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு புறவாசல் கதவைத் திறந்தாள்.

புளியங்குடித் தையல் மெஷின் அங்கே இல்லை. கோவில்பட்டியில் அவர்கள் வீட்டு அடுப்படி இருந்தது, கதவுக்கு நேரே தங்கபுஷ்பம் நின்றாள், கையில் கரண்டியோடு. அவள் மகளைப் பார்த்தாள், மகளுக்குப் பின்னால் பார்த்தாள். புதன்கிழமை முருங்கை மரம் நின்ற இடத்தில் வேலம்மாள் நின்றாள்.

"வாரதுன்னா வா. இல்லன்னா கதவச் சாத்து, ஈ வருது" என்றாள் வேலம்மாள்.

தங்கபுஷ்பம் கரண்டியோடு நிலையைத் தாண்டி வந்து, வேலம்மாளைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அழ வேண்டியதை எல்லாம் ஒப்பாரி வைத்து அழுதாள். காம்பவுண்டில் எல்லாரும் ஓடிவந்து அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சௌந்தரபாண்டியன் முன்னால் முண்டியடித்துக்கொண்டு வந்து, "என்னம்மா, எதுனாலும் சொல்லுங்க, கலெக்டர் நம்ம ஆளுதான்" என்றார். "ஒம்ம யாருய்யா கூப்பிட்டா, பொம்பளைங்க அழுத எடத்துல" என்று வேலம்மாள் அவரை ஒரு சத்தம் போட்டாள். பிறகு தங்கபுஷ்பத்தின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, செண்பகத்தின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உண்மையச் சொல்லு. எதுக்கு வந்த?"

"துட்டிக்குத்தான் சித்தி."

"துட்டிக்கு வாரவ மைதீன்பீவி வீட்டு சர்பத்தக் குடிச்சிட்டா வருவா? வந்து நின்னதும் எலுமிச்ச வாசம் குப்புனு அடிச்சுச்சே."

செண்பகம் சொல்லிவிட்டாள். காத்தாடி, மெயில், வெள்ளிக்கிழமை, மாடியில் கேட்ட ஷூ சத்தம், எல்லாவற்றையும். வேலம்மாள் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"தலைக்கு மேல நடந்துட்டுப் போறான், நீ வாயத் தொறக்கலியே" என்றாள்.

"துட்டி வீட்ல கேக்கப்படாதுல்லா."

வேலம்மாள் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "சரி, ரெண்டு பேரும் கைய காலக் கழுவிட்டு வாங்க. அவன் ராத்திரி ரயிலுக்குத்தான் போறான். மத்தியானச் சோறு எங்கிட்டதான" என்றாள்.

இன்ஜினியர் பொன்னுரங்கம், கரூர்ப் பக்கத்துப் பிள்ளை, சாப்பிட வந்து உட்கார்ந்தபோது, தன் இலையைச் சுற்றி மூன்று பெண்களும், திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காம்பவுண்டே கூடியும் நிற்பதைப் பார்த்தார். எதுவோ சரியில்லை என்று புரிந்தாலும் பசி. சோற்றைப் பிசைந்து ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டு நிமிர்ந்தால், வேலம்மாள் கரண்டியை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சாய்க்காமல் நின்றாள்.

"இது என் அக்கா மக மாரி. காத்தாடி படிக்கணுமாம்" என்றாள்.

"அக்கா, பொண்ணுங்களை மேல ஏத்துனதே இல்லீங்க. ரசம்..."

"நீயும் பொறந்தப்ப ஏறுனதில்ல. மொத மொதல்ல ஒன்ன ஏத்துனது யாரு?"

பொன்னுரங்கம் சுவர்ப் படத்தில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு செண்பகத்தைப் பார்த்து, "ஏன் அம்மிணி, ஏசி ரூம்ல உக்காந்து பாக்கற இன்டர்ன்ஷிப் எத்தனையோ இருக்குது. இது எதுக்கு?" என்றார்.

செண்பகம் ஜன்னலைக் காட்டினாள். "போன மாசம் வரைக்கும் அது நல்லா சுத்திச்சு சார். அப்புறம் காத்து அடிக்கும்போதெல்லாம் பக்கத்துல இருக்கறதெல்லாம் மூஞ்சியத் திருப்பிச்சு, அது மட்டும் திரும்பாம ஒரே பக்கமாப் பாத்துச்சு. ஒரு வாரம் அப்படியே இருந்துட்டு, பெறகு நின்னுடுச்சு. சுத்துறது கெட்டுப்போனதுனால நின்னுச்சா, திரும்புறது கெட்டுப்போனதுனால நிறுத்துனீங்களான்னு எனக்குத் தெரியணும். பஸ்லேர்ந்து பாத்தாத் தெரியல. மேல போய்ப் பாக்கணும்."

பொன்னுரங்கம் அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். "திரும்பறதுதான்" என்றார். "அந்த மோட்டாரு திங்கட்கிழமை வருது. வரச் சொல்லுங்க அக்கா. காலேஜுக்கு இப்பவே மெயில் போட்டுடறேன். ரசத்தை ஊத்துங்க." கதவுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு முழுக்கக் கை தட்டியது. வேலம்மாள் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

அன்றைக்கு ராத்திரி ஆவுடையப்பன் விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுருக்கியபோது செண்பகம், "யார்ட்டயும் போய் நிக்கப்படாதுன்னு சொன்னீங்கள்லா, நான் எங்கயும் நிக்கலப்பா, எல்லா வீட்லயும் உக்கார வச்சுச் சோறு போட்டாங்க" என்றாள். அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். ஆனால் திங்கட்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை ஊத்துப்பட்டியில் வேலம்மாளின் முற்றம் திருவிழா மாதிரி இருந்தது. லூர்து டீச்சர் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள், சொர்ணம் தோசையோடும் மைதீன்பீவி சர்பத்தோடும் வந்திருந்தார்கள். சௌந்தரபாண்டியன் கூடக் கதவைத் திறந்தால் இந்த முறை மரம் தெரியவில்லை, வேலம்மாளின் அடுப்படிதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவளிடம் திட்டு வாங்கியிருந்தாரே, அந்தப் பழக்கம் போதுமாக இருந்தது. அவருக்கு வாய் காது வரைக்கும் போயிற்று. காம்பவுண்டில் அன்றைக்கு முருங்கைக்காய் பறித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

செண்பகம் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் இடுப்பில் பெல்ட்டுமாகக் கோவக்காரியின் வயிற்றுக்குள் நுழைந்தாள். ஏணி, ஏணி, ஏணி, இரும்பு வாசம், கிரீஸ் வாசம், மேலே பொன்னுரங்கத்தின் ஷூ, கீழே இருட்டு. கை வலித்தது, தொடை நடுங்கியது, பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது காற்று அந்த இரும்புச் சுவருக்கு வெளியே உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். உச்சி அறையில் காலையெல்லாம் வேலை நடந்தது. எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று காட்டினார்கள். கையெல்லாம் கறுப்பாயிற்று. மோட்டார் மாட்டி முடித்ததும் பொன்னுரங்கம் மேல் மூடியைத் தள்ளித் திறந்து, பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, தலையை ஆட்டினார். செண்பகம் தலையை நீட்டினாள். எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தது எதுவும் இதற்குக் கால்தூசி பெறவில்லை. காடு, ரோடு, ரோட்டில் எறும்பு மாதிரி ஊர்கிற பஸ், சுற்றிலும் அவள் பேர் வைத்த அத்தனை காத்தாடிகளும், கீழே வேலம்மாளின் மாடி வீடு. அவள் காலையில் வேலம்மாளிடம் கேட்டு வாங்கி இடுப்பில் சுற்றியிருந்ததை அவிழ்த்தாள்.

முற்றத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோவக்காரியின் உச்சியில் பொட்டு மாதிரி சிவப்பாக ஒன்று அசைந்தது. இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. மூன்று வருஷமாக அந்த வேளைக்கு அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்து பழகியவள், இப்போது பார்த்துக்கொண்டே நின்றாள். மைதீன்பீவி அவள் கையைப் பிடித்தாள். வேலம்மாள் கையை விடுவித்துக்கொண்டு அவசரமாக உள்ளே நடந்தாள்.

"ஏட்டி தங்கம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அங்க என்னத்த வாயப் பாத்துட்டு நிக்க? பிள்ள எறங்கப் போறா. எலையப் போடு, நான் ரசத்தச் சூடு பண்ணுதேன்."